ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும்: டிடிஜியா, டிடிஎஃப்பா, சப்ளிமேஷனா?

#1 புதுத்தறி

வணக்கம் நண்பர்களே. ஏழு வருடமாகக் கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். நாலு கலர் வரை தனி ஆளாகச் சமாளிப்பேன். முன்பெல்லாம் ஒரு டிசைனுக்கு 200 பீஸ் என்று வந்தது. இப்போது 12, 8, சில நேரம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் முன்னால் போட்டோ, பின்னால் பெயர். ஒரு சட்டைக்காக நாலு ஸ்கிரீனுக்கு எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகுகிற பூச்சு) பூசி, வெளிச்சம் காட்டி, கழுவி, நாலு கலரும் இடம் மாறாமல் விழ ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது.

டிஜிட்டலுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். டிடிஜி (நேராகத் துணியிலேயே அடிப்பது), டிடிஎஃப் (ஃபிலிமில் அடித்துத் துணியில் ஒட்டுவது), சப்ளிமேஷன் (சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி நாருக்குள் ஏற்றுவது) என்று மூன்று வழி சொல்கிறார்கள். என் வேலையில் பாதி, கறுப்பு அல்லது நேவி நிறக் காட்டன் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம். மீதி விளையாட்டு அணிகளின் பாலியஸ்டர் ஜெர்சி. நடுவில் ஹூடி, துணிப்பை என்று ஏதாவது வரும். மெஷின் விற்பவர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் மெஷின் எல்லாத் துணியிலும் ஓடும் என்கிறார்கள். விலைக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் ஓட்டுகிறவர்கள், வேலை எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

#2 ஸ்க்வீஜி சாமி

தம்பி, மெஷினைப் பார்க்கும் முன் துணியின் லேபிளைப் பார். பருத்தி என்றால் மை நாரோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் தண்ணீரை உள்ளே விடாது, நல்ல சூட்டில் மட்டும்தான் கதவைத் திறக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் மேலே ஒட்டத்தான் வேண்டும். டிடிஜி, சப்ளிமேஷன், டிடிஎஃப் என்பது வரிசையாக இந்த மூன்றும்தான். மற்றதெல்லாம் விற்பவன் பேச்சு.

ஸ்கிரீன் சாமான்களை மட்டும் விற்றுவிடாதே. ஒரே டிசைனில் 150 பீஸ் வருகிற அன்று என்னை நினைத்துக்கொள்வாய்.

#3 பொடிமட்டை

மூன்று வருடமாக டிடிஎஃப் ஓட்டுகிறேன், பெயரைப் பார்த்தாலே தெரியும். காட்டன், பாலியஸ்டர், ஹூடி, பை என்று நீங்கள் எழுதியிருப்பது டிடிஎஃபுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பட்டியல்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் சட்டை மேல் அடிப்பதே இல்லை. 75 மைக்ரான் பெட் (பிளாஸ்டிக்) ஃபிலிமில் படத்தை இடவலமாகத் திருப்பி அடிக்கிறோம். முதலில் கலர், அதன் மேல் வெள்ளை. மை ஈரமாக இருக்கும்போதே பசைப் பவுடரைத் தூவி ஃபிலிமை உதறினால், மை உள்ள இடத்தில் மட்டும் பவுடர் நிற்கும். அப்புறம் சூட்டில் காட்டி உருக்க வேண்டும். மணல் மாதிரி இருந்தது உருகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக மினுங்கும், அதுதான் பதம். நறநறவென்று தெரிந்தால் இன்னும் உருகவில்லை என்று அர்த்தம். மஞ்சள் தட்டினால் கருகிவிட்டது.

இப்படித் தயாரான ஃபிலிமை ஈரம் படாமல் எடுத்து வைத்து, ஆர்டர் வருகிற அன்று ஹீட் பிரஸ்ஸில் (சூடான தட்டால் அழுத்துகிற மெஷின்) சட்டை மேல் அழுத்திக்கொள்ளலாம். 150 முதல் 160 டிகிரி, 10 முதல் 15 விநாடி. ஆறவிட்டு உரிக்கிற ஃபிலிமும் உண்டு, சூட்டோடு உரிக்கிறதும் உண்டு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உரித்த பிறகு மேலே பார்ச்மென்ட் பேப்பர் வைத்து இன்னொரு முறை 5–10 விநாடி அழுத்த வேண்டும். இந்த இரண்டாவது அழுத்தத்தைச் சோம்பலில் விட்டவர்கள்தான் “நாலு துவையலில் ஓரம் தூக்கிவிட்டது” என்று வந்து புலம்புவார்கள்.

பிரீட்ரீட்மென்ட் (அடிக்கும் முன் துணியில் தெளிக்கிற திரவம்) கிடையாது. துணி வெள்ளையா கறுப்பா என்ற கவலை கிடையாது. பெயர், நம்பர், லோகோ எல்லாவற்றையும் ஒரே ஃபிலிமில் இண்டு இடுக்கில்லாமல் அடுக்கி அடித்து, கத்தரித்துக்கொண்டே போகலாம்.

#4 வெள்ளைமை

பொடிமட்டை தம்பி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தச் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் டிடிஜி, ஆறு வருடம். ஒரு டி-ஷர்ட்டைத் தட்டில் மாட்டி, காகிதத்தில் அடிக்கிற மாதிரி நேராகத் துணியிலேயே அடிப்பது. தண்ணீர் அடிப்படையிலான பிக்மென்ட் மை. வெள்ளை அல்லது வெளிர் நிறக் காட்டனில் வெள்ளை மையே தேவைப்படாது. அடித்துச் சூடு காட்டிக் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே படம் இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாது. இந்தச் சுகத்துக்கு டிடிஎஃபில் வழியே இல்லை.

ஆனால் புதுத்தறி கேட்டிருப்பது கறுப்பு. அங்கேதான் பாடு. முதலில் பிரீட்ரீட்மென்ட் தெளிக்க வேண்டும். அதில் இருக்கிற உப்பு, வெள்ளை மை துணியில் பட்ட உடனே அதைத் திரியவைத்து மேலேயே நிறுத்தும். அது இல்லாவிட்டால் வெள்ளை உள்ளே இறங்கிச் சாம்பலாகிவிடும். கொஞ்சம் குறைவாகத் தெளித்தால் திட்டுத்திட்டாக வரும். அதிகமானால் படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு கறை, கூடவே ஒரு புளிப்பு வாடை. முதல் துவையலில் இரண்டும் போய்விடும், ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரியாதே. நான் ஒவ்வொரு கவரிலும் ஒரு சீட்டு எழுதிப் போடுகிறேன்.

தெளித்ததை ஹீட் பிரஸ்ஸில் உலர்த்துகிறோம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: துணியின் மேல் நிற்கிற பஞ்சு ரோமம் படிந்துவிடும். பிறகு வெள்ளை, அதன் மேல் கலர், கடைசியில் 160 டிகிரி பக்கத்தில் ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாமல் க்யூரிங் (மை இறுகச் சூடு காட்டுவது). சரியான நேரம் மைக்கு மை மாறும்.

வெள்ளை மையின் கதை தனி. அதில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, கனமான தூள். சும்மா விட்டால் அடியில் படியும். சனி ஞாயிறு மெஷினைத் தொடாமல் விட்டுத் திங்கட்கிழமை காலை நாசில் டெஸ்ட் (மைத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற கோடுகள்) அடித்துப் பாருங்கள், கோடுகள் பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கும். அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மை தெளிக்கிற ஹெட் காய்ந்துவிடும். நான் ஈரப்பதமூட்டியை என் மெஷினின் ஓர் உறுப்பாகவே நினைக்கிறேன்.

பாலியஸ்டருக்கென்று தனி பிரீட்ரீட்மென்ட் விற்கிறார்கள். நான் ஓட்டிப் பார்த்தேன், மனதுக்கு நிறையவில்லை. ஜெர்சி வேலைக்காக டிடிஜி வாங்காதீர்கள்.

#5 ஆவி

ஜெர்சி என்று சொன்னதும் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா?

சப்ளிமேஷனில் மையே வேறு. டிஸ்பர்ஸ் டை என்கிற சாயம். காகிதத்தில் அடித்து, வெள்ளைப் பாலியஸ்டர் மேல் வைத்து, 200 டிகிரியில் 45 முதல் 60 விநாடி. சாயம் திரவமாகாமல் நேரே ஆவியாகி நாருக்குள் போய், ஆறியதும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தடவினால் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் மேலே ஒன்றுமே இல்லை. வெடிக்காது, உரியாது. துணி கிழிந்தாலும் கலர் அப்படியே இருக்கும். 1957இல் நோயெல் த பிளாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். இங்கே பேசுகிற மூன்றில் இதுதான் மூத்தது.

கட்டுப்பாடு இரண்டு. ஒன்று, பாலியஸ்டரில் மட்டும்தான். காட்டனில் அடித்தால் முதல் துவையலிலேயே தண்ணீரோடு போய்விடும். கலப்புத் துணியில் பாலியஸ்டர் எத்தனை பங்கோ அத்தனை பங்குதான் கலர் நிற்கும். அந்த மங்கலையே “பழைய சட்டை லுக்” என்று விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். இரண்டு, வெள்ளை மை கிடையாது. மஞ்சள் துணியில் நீலத்தை அழுத்தினால் பச்சைதான் வரும்.

முதல் முறை காகிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். செத்த கலராக இருக்கும். சூடு பட்டதும்தான் உயிர் வரும்.

#6 புதுத்தறி

எல்லாருக்கும் நன்றி. குழப்பம் தீர்ந்து வேறு குழப்பம் வந்திருக்கிறது. அணிக்காரர்கள் ரெடிமேட் சிவப்பு ஜெர்சி வாங்கிக்கொண்டு வந்து அதில் வெள்ளை நம்பர் போடச் சொல்கிறார்கள். வெள்ளை மை இல்லாததால் சப்ளிமேஷன் ஆகாது. பாலியஸ்டர் என்பதால் டிடிஜி ஆகாது. அப்படியானால் டிடிஎஃப்தானே?

#7 பொடிமட்டை

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்கும் அப்படி ஓர் ஆர்டர் வந்தது. 32 சிவப்பு ஜெர்சி, முதுகில் வெள்ளை நம்பர். வழக்கம்போல 160 டிகிரி. அழுத்தி முடித்தபோது பளிச்சென்று சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நானே போட்டோ எடுத்து வைத்தேன். மடித்து, கவரில் போட்டு, நாலாவது நாள் கொடுத்தேன். அன்று மாலையே அணித் தலைவர் போன் செய்தார். “அண்ணா, நாங்கள் ரோஸ் கலர் கேட்கவில்லையே?”

வீட்டில் ஒரு ஸ்பேர் ஜெர்சி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மேலே கறை இல்லை, தேய்த்தால் போகவில்லை. வெள்ளைக்குள்ளிருந்தே ரோஸ் ஊறி வந்திருந்தது. 8 என்ற நம்பரில் ஓரம் லேசாக, நடுவில் அடர்த்தியாக.

காரணம் ஆவி சொன்ன அதே விஷயம்தான், தலைகீழாக. சிவப்புப் பாலியஸ்டருக்குச் சாயம் போடுவதும் டிஸ்பர்ஸ் டைதான். நான் கொடுத்த சூட்டில் அந்தச் சாயம் கிளம்பி, மேலே ஒட்டிய பசைக்குள்ளும் வெள்ளைக்குள்ளும் நுழைந்துவிட்டது. உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். சிவப்பு, மெரூன் இரண்டும் மோசம். நேவியையும் நம்ப முடியாது.

இப்போது இப்படிச் செய்கிறேன். குறைந்த சூட்டில் உருகும் பவுடர் வாங்கி 130 டிகிரி பக்கத்தில் அழுத்துகிறேன். அடர் சிவப்பென்றால் சாயத்தைத் தடுக்கிற கறுப்புப் பவுடர் வருகிறதே, அது. அதுவும் போதாது, ஒரு ஜெர்சியில் உள்பக்கம் ஒரு சின்ன வெள்ளைத் துண்டை அழுத்தி மூன்று நாள் வைத்துப் பார்க்காமல் ஆர்டரை ஒப்புக்கொள்வதில்லை. 32 ஜெர்சியையும் மறுபடி வாங்கிக் கொடுத்தவனுக்கு மூன்று நாள் பெரிய விஷயமில்லை.

#8 ஸ்க்வீஜி சாமி

வருத்தப்படாதே, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிளாஸ்டிசால் மை போட்ட காலத்திலிருந்து இருக்கிற வியாதி இது. இதற்கென்றே சாயம் ஏறாத மை வந்தது, அடியில் சாம்பல் நிறத் தடுப்புப் பூச்சு வந்தது. பாலியஸ்டர் பழிவாங்காமல் விடாது.

#9 ஆவி

பொடிமட்டை சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். ஜெர்சியைச் சிவப்பாக ஏன் வாங்க வேண்டும்?

வெள்ளைப் பாலியஸ்டரை வாங்கிச் சிவப்பை நீங்கள் அடியுங்கள். நம்பர் இருக்கிற இடத்தை அடிக்காமல் விட்டால் அதுதான் வெள்ளை. பெயர், கோடு, லோகோ எல்லாம் ஒரே அழுத்தத்தில். வெள்ளை மை இல்லாதது அப்போது ஒரு குறையே இல்லை. விளையாட்டு ஜெர்சிகளைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். வெட்டிய துணித் துண்டுகளில் அடித்துவிட்டு, அப்புறம் தைப்பார்கள்.

தைத்து முடித்த ஜெர்சியில் முழுக்க அடிக்க முயல வேண்டாம். அக்குளில் மடிப்பு விழுகிற இடத்தில் வெள்ளைக் கீற்று நிற்கும். கையைத் தூக்கினால் ஊருக்கே தெரியும். பக்கத்தில் ஒரு தையல்காரர் கூட்டு இருந்தால்தான் இந்த வழி.

அப்புறம், அழுத்துவதற்கு முன் துணியை ரோலரால் நன்றாக ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் துணுக்கு இருந்தால் போதும், அழுத்தியதும் நீலப் புள்ளியாக நிற்கும். வெள்ளையில் அதை எடுக்க எந்த சோப்பும் இல்லை. பிரஸ்ஸைத் திறக்கும்போது காகிதம் ஒரு நூலளவு நகர்ந்தால் படத்துக்கு நிழல் விழும். அதற்கு “கோஸ்டிங்” என்று என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

#10 கோப்பு சரியில்லை

டிசைன் செய்து கொடுக்கிற தரப்பிலிருந்து ஒன்று இரண்டு. மெஷின் எதுவானாலும் வாட்ஸ்அப்பில் வந்த லோகோவை அது தெளிவாக்காது. அச்சாகிற அளவில் 300 டிபிஐ, பின்னணி இல்லாத பிஎன்ஜி. இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது.

டிடிஎஃபுக்கு முக்கியமாக, மங்கி மறைகிற ஓரங்களை எடுத்துவிடுங்கள். புகை, நிழல், ஒளிவட்டம் மாதிரியானவை. திரையில் கறுப்புக்குள் அழகாகக் கரைகிற அந்த நிழலுக்கு அடியில் மெஷின் வெள்ளை போட்டுவிடும். சட்டையில் அழுக்கு வெள்ளையாக ஒரு விளிம்பு தெரியும். ஒன்று கூர்மையான ஓரம் வையுங்கள், அல்லது ஹாஃப்டோன் புள்ளிகளாக மாற்றுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மெலிந்த கோட்டில் பவுடர் சரியாக நிற்காது, துவைத்தால் அதுதான் முதலில் போகும். டிடிஜி இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுமைசாலி.

இன்னொன்று. கறுப்புச் சட்டையில் கறுப்பை ஏன் அடிக்கிறீர்கள்? படத்தில் இருக்கிற கறுப்பை முழுக்க நீக்கிவிட்டுத் துணியையே கறுப்பாக வேலை செய்ய விடுங்கள். ஓர் ஆளின் முகத்தை இப்படிச் செய்தேன், மையில் பாதி மிச்சம். சட்டையும் மூச்சு விடும்.

திரையில் தெரிகிற நியான் பச்சை சாதாரண நாலு மையில் வராது. வராது என்று முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

#11 வெட்டுக்கத்தி

வினைலை (வெட்டிச் சூட்டில் ஒட்டுகிற கலர் ஷீட்) யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். பிரிண்டரே வேண்டாம், அதை வெட்டுகிற கட்டிங் பிளாட்டர் போதும். ஒரே கலர் பெயர், நம்பருக்கு இன்றைக்கும் நான் இதுதான். வெட்டு சுத்தமாக இருக்கும், நிறம் கெட்டியாக இருக்கும். சிவப்புப் பாலியஸ்டருக்குச் சாயம் தடுக்கிற வினைலும் உண்டு. கொக்கி ஊசியை வைத்துக்கொண்டு “e” எழுத்தின் வயிற்றிலிருந்து துணுக்கு எடுக்கிற வேலை மட்டும் பொறுமையைச் சோதிக்கும். போட்டோவுக்கு ஆகாது.

வெள்ளை டோனர் லேசர் பிரிண்டரும் வைத்திருந்தேன். இரண்டு காகிதத்தைச் சேர்த்து அழுத்திப் பிரிக்கிற முறை. ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் அதே சூட்டில் வராது. விற்றுவிட்டேன்.

#12 பொடிமட்டை

வெள்ளைமை அக்கா, “போட்டுக்கொள்ள வேண்டும்” என்றீர்கள். இப்போதைய ஃபிலிமும் பவுடரும் முன்பு மாதிரி இல்லை. மெல்லிய பவுடர் போட்டு, இரண்டாவது அழுத்தம் கொடுத்தால் துணியின் நெசவே மேலே தெரிகிறது. இழுத்தாலும் வெடிப்பதில்லை. துவைத்த பிறகு கலர் நிற்பதில் என்னுடையது உங்களுடையதைவிட மேல். இல்லை என்பீர்களா?

#13 வெள்ளைமை

நிற்பதில் உன்னுடையதுதான் மேல், ஒப்புக்கொள்கிறேன். கறுப்பு டிடிஜி துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் இறங்கும். பஞ்சு ரோமம் வெள்ளைக்குள்ளிருந்து எழுந்து நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் மங்கல் மாதிரி தெரியும். அதனால்தான் நான் கோம்ப்டு காட்டன் (குட்டை இழைகளைச் சீவி எடுத்தது), அதிலும் பயோ வாஷ் செய்த (நொதியால் ரோமம் நீக்கிய) துணியாகத் தேடி எடுக்கிறேன். மட்டமான துணியில் எந்த டிடிஜியும் நிற்காது.

ஆனால் நீ 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் போட்டோவை நெஞ்சில் முழுசாக ஒட்டிக் கொடுக்கிறாய். அது நெசவு தெரிகிற பிளாஸ்டிக். வியர்வை அதன் வழியாக வெளியே வராது. லோகோ அளவுக்கு டிடிஎஃப் எனக்கும் சம்மதம், என் கடையிலும் ஃபிலிம் வெளியே வாங்கி அழுத்துகிறேன். நெஞ்சு நிறைய என்றால் அது கவசம்.

#14 பொடிமட்டை

கவசம் என்பது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் என் மச்சானும் இதையேதான் சொன்னான்.

#15 ஸ்க்வீஜி சாமி

சண்டையை நிறுத்திவிட்டு ஒன்று கேளுங்கள். புதுத்தறி தம்பி, இவர்கள் மூவரும் கடைசியில் எதில் கொண்டு போய் அழுத்துகிறார்கள் என்று கவனித்தாயா? மூவருக்கும் ஹீட் பிரஸ்தான். ஃபிலிமும் சப்ளிமேஷன் காகிதமும் மற்றவர்களிடம் அடித்து வாங்கலாம். அழுத்துகிறவன் நீயாக இருந்தால் போதும். முதலில் அதை வாங்கு. ஆறு மாதம் எந்த வேலை அதிகம் வருகிறது என்று பார். அதற்கு மேல்தான் பிரிண்டர்.

#16 புதுத்தறி

நாலரை மாதம் கழித்து வருகிறேன். சாமி ஐயா சொன்னதைத்தான் செய்தேன். 40க்கு 50 அளவில் நல்ல ஹீட் பிரஸ் ஒன்று வாங்கினேன்.

ஒரே படம், ஒரு புலி முகம், மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். கறுப்புக் காட்டனில் டிடிஜி (வெளியே கொடுத்து அடித்தது), அதே கறுப்புக் காட்டனில் டிடிஎஃப், வெள்ளைப் பாலியஸ்டரில் சப்ளிமேஷன். ஒவ்வொன்றிலும் இரண்டு சட்டை. ஒன்றைப் புரட்டிப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் துவைத்து நிழலில் காயவைத்தோம். இன்னொன்றை வேண்டுமென்றே கொடுமை: 60 டிகிரி, டிரையரில் காயவைப்பது. முதல் துவையலுக்கு முன் எல்லாவற்றையும் ஒரு நாள் சும்மா விட்டேன். 25 துவையல் ஆயிற்று.

சப்ளிமேஷன் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. புலி அன்று பார்த்த மாதிரியே முறைக்கிறது.

டிடிஎஃப் குளிர்ந்த தண்ணீரில் அப்படியே இருக்கிறது. கொடுமைப்படுத்தியதில் மீசை முடிகள் இரண்டு காணோம் (கோப்பு சரியில்லை சொன்ன அந்த மெலிந்த கோடு), இடது காது ஓரம் லேசாகத் தூக்குகிறது. நிறம் மட்டும் குறையவில்லை.

டிடிஜி குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சாந்தமாகியிருக்கிறது. கொடுமைப்படுத்தியது நன்றாகவே மங்கிவிட்டது. ரோமம் எழுவது என்றால் என்ன என்று லென்ஸ் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், வெள்ளைக்கு நடுவில் கறுப்பு நூல்கள் புல் மாதிரி நிற்கின்றன.

இதுவரை பொடிமட்டை ஜெயித்த மாதிரிதான். ஆனால் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. சட்டைகளைத் துவைத்தால் மட்டும் போதாது, போடவும் வேண்டும் என்று என் தம்பியிடம் கொடுத்திருந்தேன். ஒரு நாள் அவன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். டிடிஎஃப் புலி அடியில் மடித்தபடி புதுசு மாதிரி இருக்கிறது. மங்கிப்போன டிடிஜி புலி கொடியில் தொங்குகிறது. டிடிஎஃபை ஏன்டா போடவில்லை என்று கேட்டால், “அது நல்லாத்தான் இருக்கு, வண்டி ஓட்டும்போது நெஞ்சு வேகுது” என்கிறான்.

அதன் பிறகு அதே புலியைக் கறுப்பை நீக்கி, ஹாஃப்டோன் போட்டு டிடிஎஃபில் செய்து கொடுத்தேன். அதைப் போடுகிறான். மீசையைக் கொஞ்சம் தடிமனாக்கினேன்.

#17 வெள்ளைமை

உங்கள் தம்பிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

60 டிகிரியும் டிரையரும் எந்த மைக்கும் நியாயமில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் செய்வது அதுதான், அதனால் பரீட்சை சரி. பெரிய ஆர்டர் கொடுக்கிற நிறுவனங்கள் சில சமயம் நிறம் நிற்கிறதா என்று பார்க்கிற ஐஎஸ்ஓ 105 துவையல் சோதனை, உரசல் சோதனை ரிப்போர்ட் கேட்கும். அதை ஆய்வுக்கூடத்தில்தான் செய்ய வேண்டும், அலமாரிச் சோதனை செல்லாது. குழந்தைகள் சட்டை செய்கிறீர்கள் என்றால் மைக்கும் பவுடருக்கும் ஓகோ-டெக்ஸ் சான்று (தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கு) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

#18 பொடிமட்டை

தோற்றேன் என்று எழுதமாட்டேன், ஆனால் ஹாஃப்டோன் இல்லாமல் நெஞ்சளவு போட்டோ இனி எடுக்கமாட்டேன். சரி, ஆர்டர் எப்படி வருகிறது? பிரிண்டர் முடிவாயிற்றா?

#19 புதுத்தறி

முடிவு மாறிவிட்டது அண்ணா. ஜெர்சிக்கு ஆவி சொன்ன வழிதான், ஒரு தையல்கடையோடு பேசிவிட்டேன், வெட்டிய துண்டுகளாகவே வருகிறது. பாலியஸ்டர் வேலைதான் அதிகம், அதனால் முதல் பிரிண்டர் சப்ளிமேஷன். காட்டனில் லோகோ, பெயர் எல்லாம் ஃபிலிம் வெளியே வாங்கி அழுத்துகிறேன். முழு நெஞ்சு போட்டோவும் மென்மையும் வேண்டும் என்கிறவர்களை டிடிஜி வைத்திருக்கிற ஒருவரிடம் அனுப்புகிறேன். ஸ்கிரீன் சாமான் பரணில் பத்திரமாக இருக்கிறது, போன வாரம் ஒரே டிசைனில் 180 பீஸ் வந்தது ஐயா.

ஒரு சந்தேகம். ஃபிலிம் அழுத்தும்போது எப்போதும் வலது மேல் மூலையில் இருக்கிற எழுத்து மட்டும் உரிக்கும்போது கூடவே வருகிறது. மறுபடி அழுத்தினால் பிடிக்கிறது. மீட்டர் 155 காட்டுகிறது.

#20 வெட்டுக்கத்தி

மீட்டர் காட்டுவது தட்டில் சென்சார் இருக்கிற இடத்தின் சூடு. சூட்டுக்கு நிறம் மாறுகிற ஸ்டிக்கர் பட்டை கிடைக்கும், நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொன்று ஒட்டி அழுத்திப் பாருங்கள். அந்த மூலை மட்டும் குறைவாகக் காட்டினால் ஹீட்டர் கம்பிதான் காரணம்.

#21 ஸ்க்வீஜி சாமி

அதற்கு முன் மூலைக்கு ஒரு காகிதத் துண்டை வைத்துப் பிரஸ்ஸை மூடு. நாலையும் இழுத்துப் பார். வலது மேல் மூலைக் காகிதம் மட்டும் லேசாக வந்தால் சூடு இல்லை, அழுத்தம்தான் குறைவு. அப்புறம் சட்டையின் தோள் தையல் தட்டின் மேல் ஏறியிருக்கிறதா என்றும் பார். தையல் மேடு தட்டைத் தூக்கிப் பிடித்தால் பக்கத்தில் இருக்கிற எழுத்துக்கு அழுத்தமே போகாது.

#22 புதுத்தறி

தையல்தான் ஐயா. கழுத்துப் பட்டியும் தோள் தையலும் தட்டுக்கு வெளியே தொங்குகிற மாதிரி இழுத்துவிட்டு அழுத்தினேன். எழுத்து நின்றுவிட்டது.